பின்கழுத்தில் நாலு சொட்டு

வேன் அவளை இடித்திருக்க வேண்டியது. கீச்சென்று கத்திக்கொண்டு, ஒரு முழத்துக்கு இப்பால் நின்றது.

கொட்டுகிற மழை. நடுரோட்டில் துணிக்கூடையை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி அவள் நின்றாள். கூடைக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் விடாமல் உதறிக்கொண்டிருந்தது ஒரு பூனை.

கண்ணாடி இறங்கியது. ஒரு தலை வெளியே வந்தது.

"ஏங்க, விழுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"பூனை... ஆஸ்பத்திரி... எந்த வண்டியும் நிக்க மாட்டேங்குது..."

அடுத்த திட்டுக்குத் திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான். கத்துகிற நேரத்திலும் கோபம் போய் எட்டாத கண்கள் அவனுக்கு... இதையெல்லாம் கவனிக்கிற நேரமாடி இது என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

வேனின் பக்கவாட்டில் மல்லாந்து கிடக்கும் கரப்பான் பூச்சியின் படம். உள்ளே டப்பாக்கள், குழாய்கள். வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்து அடிக்கிறவன் போலிருக்கிறது.

"என்ன ஆச்சு அதுக்கு?"

"தெரியலங்க. எதையோ தின்னிருக்கும்."

பொய். சுத்தமான பொய். என்ன ஆயிற்று என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பூனையின் பெயர் முதலாளி. வீட்டில் எல்லோரும் அதற்குத்தான் உழைக்கிறோம் என்று அப்பா வைத்த பெயர். அப்பா நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு நாற்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். நாளைக்கு வீடு திரும்புகிறார். தினமும் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்வார். மகள் சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு முன்னால், "முதலாளி சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார். அந்த முதலாளியின் உடம்பெல்லாம் இந்த நாற்பது நாளில் தெள்ளுப்பூச்சி பற்றிக்கொண்டது. மெத்தையில் தெள்ளு, சோபாவில் தெள்ளு, கணுக்காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கடி. பார்த்துவிட்டுப் போன அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "புண் ஆறாத மனுஷரை இதுக்கு நடுவுல எப்படிப் படுக்க வைக்கிறது? நாளைக்குள்ள பூச்சி போகணும். இல்லேன்னா பூனை போகணும்." அண்ணி சொன்னதிலும் தப்பில்லை.

அதனால்தான் இன்று காலை பதினோரு மணிக்கு, எதிர்வீட்டு நாய்க்கு வாங்கியதில் மிச்சமிருந்த மருந்தைக் கேட்டு வாங்கி... இப்போது மணி இரண்டு. முதலில் காது துடித்தது. பிறகு மீசை. பிறகு முழு உடம்பும்.

வேனுக்குள் ஈரப்பூனை வாடை பரவியது. கூடவே இன்னொரு வாடையும். அவன் மூக்கை உறிஞ்சினான். மறுபடியும் உறிஞ்சினான். சட்டென்று வேனை ஒரு பூட்டிய கடையின் முன்கூரைக்கடியில் ஓரங்கட்டினான்.

"ஏன் நிறுத்துறீங்க? ஓட்டுங்க!"

"பூனைக்கு என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே!"

"மேடம், பத்து வருஷமா இந்த வாடையிலதான் எனக்குச் சோறு. நாய்க்குப் போடுற தெள்ளு மருந்துதானே?"

"அளவாத்தான் போட்டேன்!" என்று வெடித்தாள். "பதினோரு வருஷமா மருந்துக்கடையில மருந்து எடுத்துக் குடுக்கறவ நான். எனக்கு அளவு தெரியாதா? முப்பது கிலோ நாய்க்கு ஒரு டியூப். நாலு கிலோ பூனைக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, காலையில பதினோரு மணிக்குப் பின்கழுத்துல நாலே நாலு சொட்டு..."

சொல்லவே கூடாது என்று நினைத்திருந்ததை முழுசாகக் கொட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கணக்கு சரிதாங்க," என்றான் அவன் மெல்ல. "உடம்புதான் வேற. நாயோட உடம்பு இந்த மருந்தை உடைச்சு வெளியே தள்ளிடும். பூனையால முடியாது. அது இப்ப தோல் வழியா உள்ளே போயிட்டே இருக்கு. முதல்ல கழுவணும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. நான்... என் கையால... அப்பா வரும்போது ஜன்னலோரம் முதலாளியோட நாற்காலி காலியா இருந்தா...

அவன் அதற்குள் பின்பக்கம் போயிருந்தான். கேனிலிருந்த தண்ணீரில் பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கலந்தான். மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தான். கை கழுவ வைத்திருந்த சோப்பை நுரைத்தான். "சூடா இருந்தாலும் ஆபத்து, ஜில்லுன்னு இருந்தாலும் ஆபத்து... தலையைப் பிடிங்க. கண்ணுல படாம." பின்கழுத்தில் தண்ணீரை வழியவிட்டு, விரல் நுனியால் முடியைப் பிரித்துப் பிரித்துக் கழுவினான். தெள்ளுப்பூச்சிகள் நுரையோடு கறுப்புப் பொட்டுகளாக வழிந்தன. அவளுக்கு இப்போது அவற்றின் மேல் கோபம்கூட வரவில்லை.

அவன் கைகளைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத ஒருத்தியின் பூனைக்காக இவன் ஏன் இப்படி நடுங்குகிறான்?

மிருக ஆஸ்பத்திரியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கிளிக்கூண்டு வைத்திருந்த ஒரு அம்மாள் முகம் மலர்ந்தாள். "அட, நம்ம மருந்துக்கடைப் பொண்ணு! எங்க வீட்டுல டாக்டர் சொன்னாக்கூட இந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தான் மாத்திரையைத் தொடுவோம்." பக்கத்திலிருந்தவர்கள் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து துண்டை விலக்கினார். "என்ன போட்டது? எப்போ? எவ்வளவு?"

அவள் கிளிக்கூண்டு அம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாய்க்கான தெள்ளு மருந்து, டாக்டர். நாலு சொட்டு, காலையில பதினோரு மணிக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான்தான் போட்டேன். அவங்க மேல தப்பில்ல."

டாக்டரம்மா அவன் சட்டையில் இருந்த கரப்பான் பூச்சிப் படத்தைப் பார்த்தார். "ஏன்யா, இந்தத் தொழிலையே பண்ற உனக்கா இது தெரியாது? உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்? உங்க ஆபீசுக்கு நான் எழுதத்தான் போறேன்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... அந்தப் பொய்க்குள் ஒதுங்கி நிற்பது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. கிளிக்கூண்டு அம்மாள் பரிதாபமாக அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அந்த உச்சுக்கொட்டல்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். அவர் வழியில வந்தவர். போட்டது நான்தான்."

"யார் போட்டதுன்னு அப்புறமா சண்டை போட்டுக்கங்க," என்று முதலாளியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சின் இரண்டு ஓரங்களில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பேயாக அடித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"உங்க முகத்தைப் பார்க்க முடியல..."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மழையில நனைஞ்சு, கண்மை வழிஞ்சு... கொஞ்சம் பயங்கரமாத்தான் இருக்கு."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து தொலைத்தது. அவசரமாகக் கண்களைத் துடைத்தாள். மை இன்னும் பரவியது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், உதட்டைக் கடித்தபடி.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"முதலாளி சாப்பிட்டாரா?"

"தூங்குறாருப்பா..."

அவள் போனை வைத்தாள். அவன் பெஞ்சில் சற்றே நகர்ந்து வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்க அக்கா ஒரு பூனை வளர்த்தா. மூணு வருஷம் முன்னாடி. தெள்ளு தொல்லைன்னு சொன்னா. நமக்குத் தெரியாத மருந்தான்னு இதே நாய் மருந்தை நான்தான் போட்டேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு." நகத்தால் பெஞ்சைச் சுரண்டினான். "பக்கத்து வீட்டுல எலி மருந்து வச்சாங்களே, அதைத்தான் தின்னிருக்கும்னு சொல்லிட்டேன். அக்கா அந்த வீட்டுக்காரங்களோட இன்னைக்கு வரைக்கும் பேசறதில்ல. நானும் இன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்கல. நீங்க ஒரு நிமிஷத்துல 'நான்தான்'னு சொல்லிட்டீங்க..."

அவள் தன் துப்பட்டாவின் உலர்ந்த நுனியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

'காலையில்தான் எதையும் சொல்ல முடியும்' என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். அவன் அவளை வேனில் வீடு வரை கொண்டுபோய் விட்டான்; அப்பா வரப்போவதையும் அண்ணி வைத்த கெடுவையும் அவள் வழியில் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. மிருக ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டாரோ என்று நெஞ்சு எகிற, ஓடிப்போய்த் திறந்தாள். அவன்தான். கையில் பெரிய வாக்யூம் இயந்திரம். காலில் முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைச் சாக்ஸ்.

"பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டீங்களா?"

"சிரிங்க, சிரிங்க. இதைப் போட்டுக்கிட்டு ரூம் ரூமா நடந்தா தெள்ளு வந்து தொத்தும். வெள்ளையில பளிச்சுன்னு தெரியும். எந்த ரூம்ல எத்தனைன்னு அதுதான் கணக்கு."

"மருந்து அடிக்கலையா?"

"புண் ஆறாதவர் வர்ற வீடு. மருந்தே வேண்டாம். பூனை மேல பார்த்ததெல்லாம் கொஞ்சம்தாங்க. முட்டையும் புழுவும் தரை இடுக்குலயும் மெத்தை ஓரத்துலயும் கிடக்கும். உறிஞ்சி எடுக்கணும். துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போடணும். இன்னைக்கு ஒரு நாள் போதாது. ரெண்டு மூணு வாரம் தினமும் செய்யணும்." நிறுத்தினான். காது சிவந்தது. "தினமும் நானே வரேன்."

அவன் தரையை உறிஞ்ச, அவள் மெத்தை உறைகளை உருவி வெந்நீரில் போட்டாள். இரண்டு பேரும் நொடிக்கு ஒரு தடவை போனைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதரைக்கு அது அடித்தது. ஆஸ்பத்திரி எண். அவளால் தொட முடியவில்லை. "நீங்க எடுங்க..." என்று சுவரோரம் ஒதுங்கினாள்.

அவன் எடுத்தான். கேட்டான். "ம்... ம்... சரிங்க டாக்டர்." வைத்தான்.

"சொல்லித் தொலைங்க!"

"நடுக்கம் நின்னுடுச்சாம். இன்னும் ஒரு நாள் அங்கேயே இருக்கணுமாம். காலையில ஊசி போடப் போன டாக்டரம்மாவை முதலாளி பிறாண்டிட்டாராம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே குந்திக்கொண்டான். தொடலாமா கூடாதா என்று தயங்கிய கை, கடைசியில் அவள் தலையில் ஒரு கணம் பட்டு, உடனே விலகியது. அந்த ஒரு கணத்துக்கு அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்குத் தெள்ளுப்பூச்சியா காரணம்?

நண்பகலில் அண்ணனும் அண்ணியும் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். படியேறும்போதே அவள் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னாள். அண்ணி வெலவெலத்துப் போய் அவள் காதைக் கடித்தாள். "குளிப்பாட்டக் குடுத்திருக்கோம்னு சொல்லிடு. எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நெஞ்சு தாங்காதும்மா."

அப்பா பாதியாக இளைத்திருந்தார். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார். காலி.

"முதலாளி எங்கேம்மா?"

குளிக்கப் போயிருக்காருப்பா. எவ்வளவு சுலபமான ரெண்டு வார்த்தை! நாளைக்குப் பூனையும் வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவள் நிமிர்ந்தாள். கூடத்து மூலையில் வாக்யூம் குழாயைப் பிடித்தபடி அவன் சிலையாக நின்றிருந்தான். மூன்று வருஷமாக ஒரு பொய்யைச் சுமந்தவன்...

"அப்பா, நான்தான்..." காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "தெள்ளு போகணும்னு தப்பான மருந்தைப் போட்டுட்டேன். நேத்து சாகக் கிடந்துச்சு. இப்ப பிழைச்சுடுச்சு. நாளைக்கு வந்துடும்பா. நேத்து தூங்குறாருன்னு சொன்னதும் பொய்."

அப்பா கண்களை மூடினார். கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. அண்ணி தண்ணீருக்கு ஓடினாள். அண்ணன் பிடித்துக்கொண்டான். அவளுக்கு உலகமே நின்றுவிட்டது.

அப்பா கண்களைத் திறந்தார்.

"ராத்திரி முழுக்க உனக்கு ரொம்பப் பயமா இருந்திருக்குமேம்மா..."

அவ்வளவுதான். அவள் அவர் மடியில் முகம் புதைத்தாள். அவர் கை அவள் முதுகைத் தடவியது.

"யாரும்மா அது, சாக்ஸ் போட்டுக்கிட்டு நின்னாரே?" என்றார் அப்பா. எல்லோரும் திரும்பினார்கள். மூலை காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

அவள் ஓடினாள். மாடிப்படியில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் போன். 'அக்கா' என்ற எழுத்துகள் திரையில் ஒளிர்ந்தன. கட்டை விரல் அவற்றின் மேல் நின்றது.

"பயமா இருக்கு," என்றான்.

"நான் பக்கத்துல இருக்கேன்." அதே படியில், இடம் விடாமல் உட்கார்ந்தாள். "பேசுங்க."

அழுத்தினான். "அக்கா... நம்ம பூனை... எலி மருந்து இல்லக்கா. நான்தான். நான் போட்ட மருந்துதான்."

மறுமுனையில் அழுகை. பிறகு திட்டு. "மூணு வருஷம்டா! அந்த வீட்டுக்காரி முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?" அவன் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி... இன்னைக்கு என்னடா திடீர்னு?"

அவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒரு பொண்ணுக்கா. நேத்துத்தான் பார்த்தேன். பயந்து நடுங்கிக்கிட்டே உண்மையைச் சொல்றா. அவளை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ பக்கத்துல உட்காரணும்னா இதை உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் உட்காரணும்னு தோணுச்சு."

மாடிப்படியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவனுடையதா, அவளுடையதா... யாருக்குத் தெரியும்? அவள் கையை நீட்டி, அவன் விரல்களிலிருந்து போனை மெதுவாகப் பிடுங்கினாள்.

"அக்கா... அந்தப் பொண்ணு நான்தான். எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு. அவர்கிட்டச் சொல்லத்தான் பயமா இருக்கு... நீங்களே சொல்லிடறீங்களா?"