மலோவுக்கு வைக்காத மெழுகுச் சிலுவை

பலகைக் கதவு வைத்த கட்டிலுக்குள், மலோ படுக்கும் பக்கத்துத் தலையணையில் கரி படிந்திருந்தது. வெசான் தீவில் யார் வீட்டிலும் நிலக்கரி எரிவதில்லை. புல்வேரோடு வெட்டிக் காயவைத்த மண்கட்டியும் காய்ந்த கடற்பாசியும்தான். பெரின் உறையைத் துவைத்து, வெயில் என்று பேருக்கு ஒன்று எட்டிப்பார்த்த நேரத்தில் உலர்த்தி, மறுபடி மாட்டினாள். விடிந்தால் மறுபடி கரி, உப்பு ஈரம், ஒரு தலை அழுந்திய பள்ளம்.

ஒரு மாதத்துக்கு முன் மூடுபனியில் நீராவிக் கப்பல் ஒன்று பாறையில் மோதியது. காப்பாற்றப் படகெடுத்துப் போன அவள் கணவன் மலோ திரும்பவில்லை. கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு அந்தத் தீவில் மெழுகில் சிலுவை செய்து, வெள்ளைத் துணியில் கிடத்தி, அதையே பிணமாகப் பாவித்து அழுது அடக்கம் செய்வார்கள். அப்போதுதான் கடலில் போன உயிர் வீடு திரும்பும். பெரினுக்கு விரல்நீள மெழுகு போதவில்லை. கட்டி அழ ஓர் உடம்பு வேண்டும். கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய பிணங்களில், நண்டுகள் முகம் தின்ற, கப்பல் உலைக்கு நிலக்கரி அள்ளி நகத்திடுக்கெல்லாம் கரியேறிய ஒருவனைக் காட்டி, "இவர்தான்" என்று சொல்லிவிட்டாள். மலோவின் நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டு, மலோவின் பெயரிலேயே புதைத்தாள். பாவம், வேறென்ன செய்வாள்.

மத்தியானம் நாத்தனார் மத்லேன் வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணனுக்கு இடது சுண்டுவிரல் கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா அண்ணி? அந்தப் பொணத்துக்கு அஞ்சும் இருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ அழுத அழுகையில எனக்கு வாய் வரல. இப்ப அண்ணன் எடத்துல எவனோ படுத்திருக்கான். அண்ணன் வெளியவே நிக்குதே!"

அவள் போனதும் பெரின் மெழுகுவர்த்தியை உருக்கிச் சிலுவை பிடித்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். வெளியே பனி இறங்கி, சாயங்கால வெளிச்சம் மங்கி, கடல் எந்தப் பக்கம் என்பது அதன் இரைச்சலை வைத்துத்தான் தெரிந்தது.

"தப்பு பண்ணிட்டேன்," என்றாள் சிலுவையிடம். "தனியா இருக்க முடியலங்க. வந்துருங்க."

கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

"பெரின். நான்தான். குளுருது."

அவன் குரல். அவனேதான். சந்தோஷத்தில் தாழ்ப்பாளை நோக்கி ஓடினாள்.

கரி நாற்றம்.

பின்னால் கட்டிலின் பலகைக் கதவு நகர்ந்தது. ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

"பெரின், தொற."

அவள் தோளுக்கு மேலாக நீலக் கம்பளிச் சட்டை போட்ட இடது கை ஒன்று நீண்டது. தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அதில் ஐந்து விரல்களும் இருந்தன.