குடைச் சிறகு

"இங்கேயும் இல்ல!"

கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள் அக்கா. தலையெல்லாம் தூசி. அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் பள்ளியில் நாடகம். தம்பி பொடியன்தான் தங்கப் பறவை. உடுப்பு இல்லாமல் வந்தால் அந்த வேடம் வேறு பையனுக்குத்தான் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"டேய், உடுப்பை எங்கடா வெச்சே?"

பொடியன் சுவரைப் பார்த்தான். "தெரியலக்கா."

புயல் முன்னறைக்குப் பாய்ந்தாள். அங்கேதான் அம்மா குடை பழுதுபார்ப்பார்.

"அம்மா, ஏதாவது துணி குடும்மா!"

"எல்லாம் வாடிக்கைக்காரங்க குடை. தொட்டே, தொலைச்சிடுவேன்! அதோ, அந்தக் காம்பு முறிஞ்சது மட்டும்தான் நம்மளது."

ஒரே ஒரு கறுப்புக் குடை.

போன வாரம் முழுவதும் அவள் மண்டைக்குள் ஜிகினா, சரிகை, மினுக்குத்தாள் என்று ஒரு சந்தையே நடந்தது. எதை வைப்பது என்று தெரியாமல் அந்தத் தங்க உடுப்பைத் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். இப்போது சந்தை சட்டென்று கலைந்துவிட்டது. குடையை விரித்தாள். மடக்கினாள். மறுபடி விரித்தாள்.

"அடடா! இது சிறகுடா!"

நறுக், நறுக். கம்பிகளோடு குடைத்துணி இரண்டானது. ஆளுக்கொரு பக்கமாக அம்மாவும் மகளும் அதைப் பொடியனின் கைகளில் நாடாவால் கட்டினார்கள். கையைத் தூக்கினால் விரிந்தது, இறக்கினால் மடிந்தது.

"தங்கப் பறவை கறுப்பா இருக்குமாக்கா?"

"வாயை மூடிட்டு ஓடு!"

மேடைக்குப் பின்னால் டீச்சர் நெற்றியில் கை வைத்தார். "என்ன கோலம் இது? தங்கம் எங்கே?"

"இது ராத்திரியில பறக்குற தங்கப் பறவை டீச்சர். விளக்கை அணைச்சா தங்கமும் கறுப்புத்தானே?" என்றாள் புயல்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போ போ!"

பொடியன் மேடையேறிக் கைகளைத் தூக்கினான். சடார்! முன்வரிசைக் குழந்தைகள் வீலென்று கத்தினார்கள். அடுத்த நொடி அரங்கமே கைதட்டியது. புயல் அப்போதுதான் நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

வீடு திரும்பியதும் பொடியன் அவள் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்தான்.

"கத்த மாட்டேன்னு சொல்லு."

"என்னடா?"

"நேத்து ஒத்திகை பார்த்துட்டு உடுப்பை இங்கேயே மறந்துட்டேன். காலையில எடுக்க வந்தேன். மனசு வரலக்கா. உன்கிட்ட சொன்னா நீ உதறி எடுத்திருப்பே."

புயல் குனிந்து அட்டைப்பெட்டிக்குள் பார்த்தாள்.

தங்க உடுப்பின் மேல், இன்னும் கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.