சோப்பு நுரைக்குள் மூன்று மாதம்

மொட்டை மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நாச்சியாரின் தலைக்கு மேலே வந்து நின்றது அது. நான்கு விசிறிகள்... வண்டுபோல ஓர் இரைச்சல்...

ஒரகடத்துப் பெண்கள் விடுதிக்குள் கேமராவா! கையிலிருந்த ஈரப் போர்வையை வீசி வீழ்த்தினாள். அப்படியே அள்ளி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் முக்கினாள். இரண்டு முறை கொப்பளித்து அடங்கியது.

அடுத்த நிமிடம் மூச்சிரைக்கப் படியேறி வந்தான் ஒருவன். பின்னாலேயே விடுதிப் பொறுப்பாளர் மீனம்மாள், துடைப்பத்தோடு.

"ஐயோ... இன்னாங்க பண்ணீங்க!"

"பொம்பளப் புள்ளைக இருக்க எடத்துல கேமரா விடுதீயளோ? வெக்கமா இல்ல?"

"கேமராவே இல்லீங்க! ஏரிக்கு மேல சூடு, ஈரப்பதம் அளக்குற ட்ரோன். காத்து தள்ளிக்கினு வந்திடுச்சு. மூணு மாசக் கணக்கு அதுக்குள்ள கீது... நாளன்னிக்கு காலேஜ்ல காட்டலைன்னா என் ஆராய்ச்சியே க்ளோஸ்!"

நாச்சியாருக்குத் திக்கென்றது. புரட்டிப் பார்த்தாள். கேமரா இல்லைதான்... கடவுளே!

"ரெண்டெழுத்து படிச்சிருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" ஆத்திரமாகச் சுவிட்சை அமுக்கப் போனான்.

பளார்! புறங்கையில் விழுந்தது அடி.

"ஈரத்தோட சுவிட்சைப் போட்டா எல்லாம் கருகிரும். பேட்டரியக் கழத்துங்க மொதல்ல!"

அவன் உறைந்து நின்றான். அவளும்தான்... முன்பின் தெரியாதவனை அடித்தே விட்டோமா!

"எம்பேரு நாச்சியார். டிப்ளமா படிச்சவ. செல்போன் கம்பெனில கெட்டுப்போன போர்டைச் சரிபண்ணுத வேல. ஆமா... கணக்கை வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலையா?"

"...இல்ல."

"படிச்சவுகதான நீங்க?"

மீனம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் சிவந்தது. நாளைக்குள் சரிபண்ணித் தருவதாக அவள் சொல்ல, ட்ரோனை அவளிடமே விட்டு, செந்தமிழன் என்று பெயரை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை, நல்ல மழை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியவள், எதிர் டீக்கடையில் காத்திருந்தவனிடம் ட்ரோனின் போர்டை நீட்டினாள். ஸ்பிரிட்டால் துடைத்து, விடிய விடியக் காயவைத்தது. லேப்டாப்பில் இணைத்தான். வரி வரியாக எண்கள் ஓடின.

"ஒண்ணு விடாம கீதுங்க!" அவன் கண்கள் பளபளத்தன. "நேத்து பேசினது தப்பு... மன்னிச்சிடுங்க."

எவ்வளவு கருமையான கண்கள்... அவள் பார்வையைத் தாழ்த்தினாள்.

"அப்ப... அளந்து முடிச்சாச்சா? இனிமே இந்தப் பக்கம் வரமாட்டீய?"

"வேலை முடிஞ்சிச்சு."

சுருக்கென்றது அவளுக்கு. ஒரே நாளில் இவனுக்காக நெஞ்சு ஏன் இப்படித் துடிக்கிறது? அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாச்சியார்... வேலை முடிஞ்சிச்சுன்னுதான் சொன்னேன். வரமாட்டேன்னு சொல்லலையே. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கினு வரட்டுமா... பொண்ணு கேட்டு?"

மழை நின்றுவிட்டதுபோல இருந்தது. நிற்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீயளே?" அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். "ராத்திரி போர்டைத் துடைக்கையில, இது சரியாகாமப் போயிரக்கூடாதான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். சரியாயிட்டா நீங்க போயிருவீயள்லா..."

செந்தமிழன் அதிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அப்புறம் ஏங்க சரிபண்ணீங்க?"

"உங்களை அழவிட மனசு வரல..."