ஊதாதீங்க, அந்தத் தோல் எனக்கு வேணும்!

ஃபூ...!

சங்கவியின் நெற்றியிலும் மூக்கிலும் மடியிலும் சிவப்புச் சிவப்பாய்த் தோல் வந்து ஒட்டியது.

திண்டிவனத்தில் ஏறியதிலிருந்து அடைமழை. விழுப்புரம் பஸ்ஸில் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். முன்சீட்டுக்காரன் மட்டும் தன் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்துக்கொண்டு, வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உள்ளங்கையில் கசக்கிக் கசக்கி ஊதிக்கொண்டிருந்தான். காற்று அத்தனையையும் வாரி இவள் முகத்தில் கொட்டியது.

"ஹலோ! ஊதாதீங்க!"

அவன் திரும்பினான். மழைத்துளி தெறித்த இமைகள்... அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"ஐயையோ, சாரிங்க. தோலு மேல வுழுந்துடுச்சா?"

"விழுந்தா பரவால்ல... அந்தத் தோலுக்காகத்தான் காலைலேருந்து அலைஞ்சிக்கினு இருக்கேன். அதைப் போய் இப்படி ஊதித் தள்றீங்களே!"

'பைத்தியமோ' என்று நினைத்திருப்பான். கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே நீட்டினான்.

"எடுத்துக்கினு போங்க. பருப்பு எனக்கு, தோலு உங்களுக்கு."

சங்கவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வறுத்த தோல் உதவாது, பச்சைத் தோல் வேண்டும், அதுவும் எந்த நிலத்தில் விளைந்தது என்று தெரிந்த தோல் வேண்டும் என்று விளக்கினாள். வீடு விழுப்புரம். புதுச்சேரி ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். திண்டிவனத்துப் பண்ணையில் கேட்கப் போய், இப்போது இருப்பு இல்லை என்று வெறுங்கையோடு திரும்புகிறாள்.

"தோல்ல என்னாங்க ஆராய்ச்சி?"

"மார்புப் புற்றுநோய்."

அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு சட்டென்று போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. தன் ஆராய்ச்சி என்றால் சங்கவிக்குத் தலைகால் புரியாது.

"செல்லுக்குள்ள காவல்காரன் மாதிரி சில ஜீன் இருக்குது. புற்றுநோய் என்ன பண்ணும் தெரியுமா? அது மேல பூட்டைப் போட்டுடும். ஜீன் கெட்டுப்போறதில்ல, பூட்டிக் கெடக்கும். நாம சாப்பிடற காய், கொட்டை, தோல்ல இருக்கற சத்து அந்தப் பூட்டைத் திறக்குதான்னு பாக்கறேன்."

அவன் திறந்திருந்த ஜன்னலை இறக்கிவிட்டான்.

"எங்கம்மாவுக்கு அதாங்க. ஆபரேசன் ஆயிடுச்சு. ஆறு ஊசில ரெண்டு போட்டாச்சு. மாத்திரை வாங்கத்தான் விழுப்புரம் போறேன்."

பெயர் வெற்றிச்செல்வன். பெருமுக்கல் பக்கம் சொந்தமாக இரண்டு காணி மல்லாட்டைக் கொல்லை. விக்கிரவாண்டி வருவதற்குள் அவன் சொல்லிவிட்டான்: "தோலுதானே? எங்க கொல்ல மல்லாட்டைய விட ஒசந்தது இந்த ஜில்லாலயே கெடையாது. நான் தர்றேன்."

என்ன கர்வம்! ஆனால் அந்தக் கர்வம் அவளுக்குப் பிடித்திருந்தது... ரொம்பவே.

சொன்னபடியே அடுத்த வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாக்கோடு நின்றான். உரித்து, ஊறவைத்து, கையால் தேய்த்து, நிழலில் உலர்த்திய தோல். "சாக்கைக்கூட ரெண்டு தபா கழுவித்தான் போட்டேன்" என்றான். விரல் நுனிகள் சிவந்து வெடித்திருந்தன. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவளுடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை இரண்டு டீ... பிறகு இன்னும் ஒன்று.

பத்து நாளில் முடிவு வந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் மேல் தோல் சாற்றை விட்டாள். மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை! ஆய்வுக்கூடமே கைதட்டியது. அப்பா லட்டு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். சங்கவிக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் போன் யாருக்கு? அவனுக்குத்தான்.

"வெற்றி! உங்க தோலு எல்லாத்தையும் கொன்னுடுச்சு... ஒரே நாள்ல!"

"எங்க கொல்ல மல்லாட்டையா?" என்றான், குரல் உடைந்து.

அதற்குப் பிறகுதான் அவள் ஆரோக்கியமான செல்களில் அதே சாற்றை விட்டாள். நியாயமாகப் பார்த்தால் அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

அவையும் செத்துப்போயின.

நோயாளியையும் நோயையும் சேர்த்துக் கொல்வது மருந்தா? சங்கவி சாக்கை உதறிப் பார்த்தாள். தையல் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பொடி. அவளும் விழுப்புரத்துப் பெண்தான், பார்த்ததும் தெரிந்துவிட்டது. விதைக்கும் முன் விதைப் பருப்பைச் சாக்கில் கொட்டி, பூஞ்சைக் கொல்லியைத் தூவி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக் குலுக்குவார்களே, அந்தப் பொடி. இரண்டு தரம் அல்ல, இருபது தரம் கழுவினாலும் தையலை விட்டுப் போகாது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன் அவன் உற்சாகமாய், "அம்மா இந்தத் தபா ஊசிக்கே போவலீங்க! நாலு நாளு ஆச்சு. தெனம் கேப்பைக் கூழ்ல தோலைப் பொடி பண்ணிப் போட்டுக் குடுக்கறோம். மொகம் தெளிஞ்சிருக்குது..." என்றான்.

"நான் வர்ற வரைக்கும் அதைக் குடுக்காதீங்க!" என்ற சங்கவி போனைக்கூட அணைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பெருமுக்கல்லில் அவள் இறங்கியபோது மறுபடி மழை. வாசலிலேயே அவனைப் பார்த்தாள். அந்தக் கண்கள் மலர்ந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

"வெற்றி, அந்த ரிசல்ட் தப்பு. செல்லைக் கொன்னது தோல் இல்ல. சாக்குல இருந்த விதை மருந்து."

"இன்னா சொல்றீங்க? எங்க மல்லாட்டைல விசம்ன்றீங்களா?"

"மல்லாட்டைல இல்ல, சாக்குல. அம்மாவுக்கு வீட்டுல இருந்த தோலைத்தானே குடுத்தீங்க?"

"பானைல இருந்தது. சாக்கு உங்களாண்ட வந்துடுச்சே..."

"அப்பாடா..." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போங்க. ஊசியை நிறுத்தக் கூடாது."

"நீங்கதானே போன்ல சொன்னீங்க? எல்லாம் செத்துடுச்சுன்னு நீங்கதானே..." அவன் குரல் உயர்ந்தது. "ஊரெல்லாம் சொல்லிட்டேங்க, எங்க கொல்ல தோலு அம்மாவைக் காப்பாத்திடுச்சுன்னு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு போயி..."

"என் மூஞ்சிய வச்சிக்கினு நான் வரல?" சங்கவியும் கத்திவிட்டாள். "ஆமா, நான்தான் சொன்னேன். சரியா பாக்காம அவசரப்பட்டு சொன்னேன். தப்பு என்னுது. இதே தோல் சுத்தமா இருந்து நல்ல ரிசல்ட் வந்திருந்தாலும் அது தட்டுல இருக்கற செல்லுதான் வெற்றி... உங்கம்மா இல்ல. தட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல எத்தனையோ வருசம் இருக்குது. அது மருந்து ஆகற வரைக்கும் உங்கம்மாவுக்கு அந்த ஊசிதான்."

உள்ளேயிருந்து இருமல். அவன் அம்மா அஞ்சம்மாள் வாசலுக்கு வந்தாள். தலையில் முடி இல்லை, முந்தானையை இழுத்துப் போட்டிருந்தாள்.

"ஊசி போட்டா பேஜாருடி பொண்ணே. வாந்தி. சோறு எறங்காது. இவன் தோலுன்னதும் எனக்கும் அப்பாடான்னு ஆயிடுச்சு." அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மழைல நனைஞ்சிக்கினு வந்து, நான் தப்புப் பண்ணிட்டேன்னு வாசல்ல நின்னு சொல்றியே. என் புள்ளைக்கு இது வராது. டேய், காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்புவோம்டா."

வெற்றிச்செல்வன் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சங்கவி நனைந்தபடியே திரும்பினாள். 'அவ்வளவுதான்... முடிந்தது' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் முதுகு நிமிர்ந்தேதான் நடந்தாள். பெற்ற பட்டமெல்லாம் தராத நிமிர்வு அது.

மூன்று மாதம் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒருநாள் ஆய்வுக்கூடத்து வாசலில், புத்தம்புது வெள்ளைத் துணிப்பை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே பச்சைத் தோல். மேலே ஒரு சீட்டு: 'சாக்கு இல்லை. அம்மாவுக்கு ஆறு ஊசியும் முடிந்தது.'

அந்தச் சீட்டை அவள் எத்தனை முறை படித்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த முறை செல்கள் ஒரே நாளில் சாகவில்லை. பூட்டிக் கிடந்த ஒரே ஒரு ஜீன் லேசாக, மிக லேசாக விழித்துக்கொண்டது. யாரும் கைதட்டவில்லை. மூன்று தரம் திரும்பச் செய்தாள். மூன்று தரமும் அது விழித்தது. சங்கவி தனியாக உட்கார்ந்து, பெருமையில் விம்மி அழுதாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஆய்வேடு அச்சாகி வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பெருமுக்கல் போனாள். அஞ்சம்மாள் வளர்ந்திருந்த தலைமுடியைத் தடவிக் காட்டி, "கருகருன்னு வந்திருக்குது பாரு" என்று சிரித்துவிட்டு, வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

வெற்றிச்செல்வன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் நின்றான்.

"என்னாங்க இது... சாக்குக் கதையையும் எழுதி வச்சிருக்கீங்க? என் மானம் போச்சு!"

"என் மானமும்தான். அவசரப்பட்டது நான்னு அடுத்த வரியிலேயே இருக்குது, படிங்க. இன்னொருத்தர் அதே தப்பைப் பண்ணக் கூடாதில்ல?"

அவன் படித்தான். வெகுநேரம் படித்தான். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.

"நீங்க கண்டுபிடிச்சிட்டேன்னு போன் பண்ணீங்களே, அன்னிக்கு எனக்கு உங்களைப் புடிச்சது. தப்புன்னு சொல்ல வந்தீங்களே... அன்னிக்குத்தான் மனசுக்குள்ள வச்சேன். உங்க மொகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பைய வச்சிட்டு வாசலோட திரும்பிட்டேன்."

"அந்த மூணு மாசமும் எனக்குத் தூக்கம் இல்ல... அது தெரியுமா?"

அவன் பானையிலிருந்து ஒரு கை மல்லாட்டை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். பழக்கதோஷத்தில் ஊத வாயைக் குவித்தவன் அப்படியே நிறுத்திவிட்டு, தோலும் பருப்புமாகக் கையை அவளிடம் நீட்டினான்.

"இனிமே ஊத மாட்டேங்க. ஆயுசுக்கும்... சம்மதமா?"

சங்கவி தோலோடு ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"சம்மதம். ஆனா இந்த ரிசல்ட்டை மொதல்ல உங்கம்மாகிட்ட நாந்தான் சொல்லுவேன்... இந்தத் தபா தப்பு இல்ல."

உள்ளேயிருந்து அஞ்சம்மாளின் குரல் வந்தது.

"எல்லாம் கேட்டுக்கினுதான்டி இருக்கேன். உள்ள வா... நனையாத!"