சீட்டுக்குப் பூட்டிய பெல்ட்

பள்ளி விட்டு வந்தால் ஜானட் முதலில் பார்ப்பது வீட்டுப் பூட்டைத்தான். திறந்து உள்ளே போனால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, தானே சோறு போட்டுத் தானே சாப்பிடுவாள்.

போன வருஷம் வரை இப்படி இல்லை. அப்பா ஜெரால்ட் காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டுகிறார். ஒரு மழைநாளில் எண்ணூர் சாலையில் மாடு குறுக்கே வர, பிரேக் போட்டார். வண்டி நின்றுவிட்டது. பெல்ட் போடாத அப்பா நிற்கவில்லை, கண்ணாடியில் போய் மோதினார். தோள் எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. வீட்டுச் செலவுக்காக அம்மா ஆலிஸ் ஒரு கம்பெனியில் மதிய ஷிஃப்டில் சேர்ந்தார். அப்பா தேறி, மறுபடி காலையும் மாலையும் வண்டிக்குப் போகிறார். ஆனாலும் அந்த நாலு மாதத்தில் விழுந்த கடன் பள்ளம் இன்னும் தூரவில்லை. அம்மாவால் வேலையை விட முடியவில்லை.

அடி பட்டது அப்பாவுக்கு. தனியாகச் சாப்பிடுவது ஜானட்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், அடம்பிடித்து அப்பாவோடு வண்டியில் ஏறினாள். முதலாளி வாங்கிய புது வண்டி. ஜானட் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். அவருடைய பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றிப் பூட்டியிருந்தது. சீட் பத்திரமாக இருந்தது. அப்பாதான் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா இது?"

"பெல்ட்டு போடலைன்னா இந்த வண்டி பீப் பீப்னு கத்திகினே கீது கண்ணு. ஒரே பேஜாரு. அதான் பின்னால மாட்டி வாய அடைச்சிட்டேன். எல்லா டிரைவரும் இப்டித்தான்."

"நீ போட்டுக்கினாலும் அது கத்தாதுல்ல?"

"பத்துக் கடைல எறங்கி ஏறணும். தோள்ல உரசினா வேற வலிக்குது."

முதல் கடையில் அப்பா மீன் பெட்டியை இறக்கப் போனார். ஜானட் எட்டி அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். அவர் வந்து வண்டியைக் கிளப்பியதும் பீப் பீப் என்று சத்தம்.

"யாரு கழட்டினது?"

"நான்தான். கத்தட்டும்ப்பா. வூட்ல என்கிட்ட பேச ஒருத்தரும் இல்ல. உன்ன ஒண்ணு கூப்ட்டுகினே கீது. அது வாயப் போயி அடைக்கிறியே."

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"நீ மறுபடி படுத்துட்டா அம்மா ரெண்டு ஷிஃப்டு போவணும். நான் இன்னும் எவ்ளோ நேரம் தனியா இருக்கிறது?"

அப்பா தோளைத் தடவிக்கொண்டார். வண்டி கத்திக்கொண்டே இருந்தது.

ஜானட் அவர் கழுத்தில் கிடந்த துண்டை உருவி, மடித்துத் தோளில் வைத்தாள்.

"இப்ப மாட்டு. உரசாது."

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

ஐந்தாவது கடையில் மறந்துபோனார். வண்டி ஞாபகப்படுத்தியது. ஏழாவது கடையில் மீன் விற்கும் குப்பம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா ஜெரால்டு, துண்டும் பெல்ட்டுமா மாப்பிள கணக்கா கீற?"

"பொண்ணு ஆர்டரு, அக்கா," என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அம்மா ஷிஃப்டுக்கும், அப்பா ஐஸ் ஏற்றவும் போயிருந்தார்கள். வீடு பழையபடி வெறிச்சோடித்தான் கிடந்தது. ஒரே நாளில் மாறுகிற காரியமா அது?

ஜானட் சாப்பிட உட்கார்ந்தாள். பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. அப்பா அடிபட்ட நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுவாள். அப்புறம் ஒரு பருக்கை இறங்காது.

இன்று அவள் எழுந்திருக்கவில்லை. அப்பா பெல்ட் மாட்டியிருப்பார். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் பிழைக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிப் பிசைந்து, தட்டைக் காலி செய்தாள்.