இறங்காத முள்

முள் இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கியாயிற்று, வாழைப்பழம் தின்றாயிற்று. உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர் நாக்கை அமுக்கி, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, முள் கீறிய புண்தான் உறுத்துகிறது, தானாக ஆறிவிடும் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் சுருளியம்மாள் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது தொண்டைக்குழியில் இருந்தது. காலையில் இடது பக்கம் உறுத்தும். பொழுது சாய்ந்தால் வலது பக்கம். ஆறுகிற புண் இடம் மாறுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது ஆற்றுக் கெண்டையின் முள். அந்த வீட்டில் ஒரு வருஷமாக ஆற்று மீன் சமைக்கவில்லை. போன ஆனியில், பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, துணி துவைக்கப் போன அவள் அக்காள் இருளம்மாளை ஆறு கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. பிள்ளை அன்னத்தாய்க்கு அந்நியப் பெண் ஒருத்தி தாயாக வர வேண்டாம் என்று, தை பிறந்ததும் அக்காள் புருஷன் கர்ணனுக்கே சுருளியம்மாளைக் கட்டிவைத்தார்கள். பிள்ளை ஒட்டவில்லை. தலை சீவ உட்காரும், சோறு வாங்கித் தின்னும், "சின்னாத்தா" என்று கூப்பிடும். படுக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வருஷம் திரும்பியதும் கர்ணன் மீன் வாங்கி வந்தான். முதல் கவளத்திலேயே முள் ஏறிவிட்டது.

யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால், கண் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகே விளக்கு ஏற்றுவார்கள். மேற்கு மலையின் நிழல் வயல்களையும் தென்னைகளையும் கடந்து வாசலுக்கு வந்து, அடுப்படியின் பித்தளைக் குடங்களை ஒவ்வொன்றாக மங்கவைக்கும் அந்த நேரத்தில்தான் உறுத்தல் கூடும். கூடவே ஒரு வாடை வரும். பாசியும் நனைந்த துணியும் கலந்த அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று மூலை மூலையாகத் தேடி, கடைசியில் உள்ளங்கையில் ஊதிப் பார்த்தபோது, அது தன் மூச்சில்தான் இருக்கிறது என்று கண்டாள். வீடு சத்தமற்றிருந்தால் தொண்டைக்குள் மெல்லிய சளசளப்பு கேட்டது. கூழாங்கற்களுக்கு இடையே தண்ணீர் நுழைகிறதைப் போல.

ஒரு நாள் அந்தியில் அசந்து படுத்திருந்தாள். அன்னத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தானாகவே குனிந்து, சித்தியின் கழுத்தில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். சுருளியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அசைந்தால் பிள்ளை போய்விடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"ம்," என்றாள் அன்னத்தாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ம்."

யாருக்கு ம் போடுகிறாய் என்று சுருளியம்மாள் கேட்டாள்.

"நீ பேசாத சின்னாத்தா. ஆத்தா சொல்றது கேக்கல."

மறுநாள் அவள் மாயக்காளிடம் போனாள். மாயக்காள் தொக்கம் எடுப்பவள். தொண்டையில் எது சிக்கினாலும் குழல் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவாள். புளியங்கொட்டை, சல்லிக்காசு, கோழி எலும்பு எல்லாம் எடுத்திருக்கிறாள். அன்று குழலைத் தொண்டைக்குழியில் வைத்தவள் உறிஞ்சவில்லை. காதை வைத்துக் கேட்டாள். பிறகு குழலைத் தொடாமல் முந்தானையால் எடுத்து, அப்பால் வைத்தாள்.

"உள்ள ரெண்டு மூச்சு ஓடுதுத்தா," என்றாள். "நான் எடுக்க மாட்டேன். எதை எடுத்தா எது போகும்னு எனக்குத் தெரியல."

கர்ணன் வயலிலிருந்து வந்ததும் சுருளியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். மதுரைக்குக் கூட்டிப்போங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தாவது எடுக்கட்டும் என்று அழுதாள். அவன் கால் கழுவினான். அவள் மறுபடியும் கெஞ்ச வாயெடுத்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா மாமா?"

அவள் கேட்கவில்லை. அவள் நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது. கேட்டது அவள் இல்லை. தினமும் இந்த நேரத்தில், இதே இடத்தில் நின்று, இருளம்மாள் கேட்டுவந்த கேள்வி அது. அதே கம்மிய குரல்.

கர்ணன் நிமிர்ந்து பார்த்தான். அவன் பயந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காட்டியாச்சு இருளா," என்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. பிறகு தணிந்த குரலில், "மதுரைக்கெல்லாம் வேணாம்," என்றான்.

அதற்குப் பிறகு அந்தி சாயும்போது இருவரும் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அப்பனும் மகளும். காத்திருந்தார்கள். அவள் சோறு இறங்காமல் மெலிந்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் சொந்தக் குரல் பகலிலும் தேய்ந்துகொண்டு வந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. அந்தக் குரல் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்தது. சிரித்தது. பிள்ளையின் காதோடு எதையோ சொன்னது. என்ன சொன்னது என்று அவளுக்கே கேட்கவில்லை.

கேட்டபோது அன்னத்தாய் மறைக்கவில்லை. "ஆத்தா இருக்குற எடம் குளுகுளுன்னு இருக்காம். என்னைய வரச் சொல்லுது."

அன்று சுருளியம்மாள் தூங்கவில்லை. இந்தத் தொண்டை பிள்ளைக்கு அருகில் இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆற்றைத் தாண்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் அண்ணன் பால்பாண்டி வீட்டுக்குப் போய்விட வேண்டும். விடியலின் முதல் வெளுப்பில், பிள்ளையின் போர்வையைச் சரி செய்துவிட்டுக் கிளம்பினாள்.

துறையில் யாரும் இல்லை. தண்ணீர் முழங்கால் அளவு. பிறகு தொடை. நடு ஆற்றுக்கு வந்தபோது இடுப்பைத் தொட்டது. தொண்டையில் உறுத்தல் நின்றது. அத்தனை நாளில் முதல் தடவையாக. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கரையில் அன்னத்தாய். அவளுக்குப் பின்னால் கர்ணன்.

வராதே என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

"வாத்தா," என்றது தொண்டை. "ஆழமில்ல. வா."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். பற்களைக் கடித்தாள். குரல் குறையவில்லை. விரல்களைத் தாண்டி, ஆற்றின் இரைச்சலைத் தாண்டி, கணீரென்று போனது.

கரையை நோக்கி ஓடப் பார்த்தாள். கால் நகரவில்லை. தண்ணீர் அவளை இடுப்போடு பிடித்திருந்தது.

"வாங்க மாமா. ரெண்டு பேரும் வாங்க."

அன்னத்தாய் சிரித்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கர்ணன் மகளின் கையைப் பற்றிக்கொண்டான்.

இறங்கினார்கள்.