ஆளுக்கொரு அறை

நேற்று அறைக்குள் எடுத்துச் சென்ற துணிக்கூடை இன்று வெளியே வரவில்லை. சங்கீதா சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். வாசலின் இரண்டு பக்கமும் இடித்தது.

"வெயில்ல பிளாஸ்டிக் விரிஞ்சிருக்கும் லா," என்றான் அவள் கணவன் ரமணன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவன் நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

அவன் கட்டட வடிவமைப்பாளன். சிராங்கூனில் இருக்கும் இந்தத் தனிவீட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரே பாடத்தை ஒப்பிப்பான். "அந்தலூசியாவுல நடுமுற்றத்தைச் சுத்தி வீடு. கத்தலோனியாவுல மொத்தக் குடும்பமும் ஒரே ஓட்டுக் கூரைக்குள்ள. இபிசா தீவுல பிளானே கிடையாது. வீட்டுக்கு ஆள் வந்தா பெட்டி மாதிரி ஒரு அறையை ஒட்டிக் கட்டுவாங்க. ஆளுக்கொரு அறை." கல்யாணத்துக்கு முன் அதைக் கேட்டு அவள் மயங்கினாள். அவளுக்கென்று கட்டிய அறை இது. தடித்த வெள்ளைச் சுவர், மரநிலை இல்லாத வாசல், தலை நுழையாத ஜன்னல்.

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. தட்டைக் கூரையில் தேங்கிய நீர் முற்றத்தில் கொட்டும் இரைச்சலுக்கு அடியில், எதையோ இழுத்து இழுத்து மெழுகுவது போல வேறொரு ஓசை நிற்காமல் கேட்டது. பச்சைச் சுண்ணாம்பு வாடை தொண்டையில் இறங்கியது. அவள் வாசலோரத்தைத் தொட்டாள். ஈரம் விரலில் ஒட்டியது.

ரமணனின் நகக்கண்களில் இருந்ததும் இதே வெள்ளை. அவன்தான் பூசுகிறான். எதற்கு?

அறையைக் கட்டிய சின்னராசுவின் எண் அவளிடம் இருந்தது.

"அண்ணே, இங்க யாராச்சும் பூச்சு வேலைக்கு வர்றாங்களா?"

"இல்லையேம்மா. உங்க ரூமை முடிச்சிட்டு நான் வேற சைட்டுக்குப் போயிட்டேன். ஏன், விரிசலா? நம்ம வேலையில வராதே."

"என் ரூமுக்குப் பக்கத்துல வெறும் சுவரா இருக்கே, அது என்ன?"

"சுவரா? அது வசந்தா அக்கா ரூமும்மா. வாசல் வெச்சதே நான்தான். வளையல் சத்தம் கேட்டா எங்களுக்கு டீ வருதுன்னு அர்த்தம். அக்கா ஊர்லேருந்து வந்துட்டாங்களா?"

வசந்தகுமாரி ரமணனின் முதல் மனைவி. விவாகரத்து வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள் என்றுதான் அவன் சொல்லியிருந்தான்.

சங்கீதா பாஸ்போர்ட்டையும் போனையும் கைப்பையில் போட்டாள். செங்காங்கில் தம்பி அகிலன் வீடு இருந்தது. அங்கே போய்விட்டால் போதும். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

வாசலில் தோள் இடித்தது.

பக்கவாட்டில் திரும்பினாள். மூச்சை விட்டு உடலை நுழைத்தாள். மார்பில் ஈரம். முதுகில் ஈரம். நகர முடியவில்லை. பின்னால் இழுத்தாள். அதுவும் முடியவில்லை. கைப்பை நழுவி அறைக்குள் விழுந்தது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடை. குடைக்குள் ரமணன். அவனோடு ஓர் இளம்பெண்.

"இபிசா தீவுல பிளானே கிடையாது," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரமணன்."

அந்தப் பெண் திரும்பினாள். "என்ன சத்தம் அது?"

"பூச்சு வேலை நடக்குது லா."

அவனுடைய ஒரு கையில் குடை. மறு கையில் அளவு நாடா.

சங்கீதாவின் கன்னத்தில் சுண்ணாம்பு சில்லென்று விழுந்தது. ஓர் உள்ளங்கை அதைப் பொறுமையாக மெழுகியது. கன்னம். உதடு. காது.

காதருகே கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

அவள் வளையல் போடுவதில்லை.